ஆடிப் பட்டமும் பி.காம். பட்டமும்

தமிழில் பட்டம் மூன்று வகைப்படும். முதலாவது, மொட்டை மாடியில் நின்று விடுவது. இரண்டாவது, கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வாங்கி, கூடத்தில் ஆணி அடித்து மாட்டுவது. மூன்றாவது, விவசாயி பார்ப்பது. ஆடிப் பட்டம், தைப் பட்டம் என்கிறார்களே, அது.

முதல் பட்டம் அறுந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது, உபயோகம் இருக்கிறதோ இல்லையோ, சாகிறவரை பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வரும். மூன்றாவதுதான் பொல்லாதது. வருஷத்துக்கு ஒரு முறை வரும். வந்த வேகத்தில் போகும். ‘சார், ஒரு ரெண்டு நாள் பொறுங்க, மேனேஜர் லீவு’ என்றெல்லாம் அதனிடம் சொல்ல முடியாது.

என்னிடம் இருப்பது இரண்டாம் வகை. பி.காம். ‘நீ எதுக்கப்பா மூணாவது வகையைப் பத்தி எழுதறே?’ என்று முறைக்காதீர்கள். எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடித் தோட்டக் குழுவுக்கு நான்தான் பொருளாளர். பி.காம். படித்தவன் எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும் பொருளாளர் ஆகிவிடுவான் என்பது ஒரு இயற்கை விதி. வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள்.

சென்னையில் அம்பத்தூர் பக்கம் எங்கள் குடியிருப்பு. மூன்று பிளாக், நாலு மாடி, 48 வீடு. 2020 ஊரடங்கில் பிறந்தது எங்கள் குழு. அந்த வருஷம் சிலர் தாடி வளர்த்தார்கள், சிலர் செடி வளர்த்தார்கள். தாடிகள் போய்விட்டன. செடிகள் நிற்கின்றன.

உறுப்பினர்கள் 17 பேர். மாதச் சந்தா 100 ரூபாய். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூட்டம், அதாவது ஏழே முக்காலுக்கு. செம்மண், மக்கிய தொழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம பங்கு போட்டு, கூடவே வேப்பம்பிண்ணாக்கு தூவிக் கலக்க வேண்டும். கல்யாண வீட்டுச் சமையல்காரர் புளியோதரை கிளறுகிற மாதிரி, இரண்டு பேர் கிளறுவோம், பத்துப் பேர் யோசனை சொல்வார்கள்.

அப்புறம் உர டிரம். எல்லா வீட்டுக் காய்கறித் தோலும் அதில்தான் வந்து விழும். அதைத் திறந்து பார்த்தே எந்த வீட்டில் என்ன சமையல் என்று சி பிளாக் மாமி சொல்லிவிடுவார். ‘ஏ பிளாக் ரெண்டாவது மாடியில மூணு நாளா ஒண்ணுமே விழலை. புருஷன் பொண்டாட்டி சண்டை, ஓட்டல் சாப்பாடு’ என்று ஒரு நாள் சொன்னார். விசாரித்தோம். உண்மை.

பொருளாளர் என்ற முறையில் நான் செய்த ஒரே சாதனை, தக்காளிக்கு அடக்க விலை கண்டுபிடித்தது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசாங்கமே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றதே, நினைவிருக்கிறதா? அந்த வருஷம் எங்கள் தக்காளிக் கணக்கை எடுத்தேன். பைக்கு மூன்று வருஷத் தேய்மானம், மண், உரம், நாற்று, வேப்பெண்ணெய் எல்லாம் சேர்த்துச் செலவு 2,640 ரூபாய். விளைந்தது எட்டே கால் கிலோ. ஆக, கிலோ 320 ரூபாய். அணில் கடித்ததை ‘இயல்பு நட்டம்’ என்றும், ஏ பிளாக் பிரம்மச்சாரிகள் பறித்துத் தின்றதை ‘அசாதாரண நட்டம்’ என்றும் தனித்தனியாகக் காட்டியிருந்தேன். கூட்டத்தில் வாசித்ததும் ஒரு நிமிஷம் மௌனம். ‘கணக்கு நோட்டை எந்த டிரம்மில போடறது? உர டிரம்மிலயா?’ என்று மாமி கேட்டார்.

எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற அதிகாரி. முப்பது வருஷம் திட்டப் பிரிவில் இருந்தவர். செடி நடுவதற்கு முன்னால் ஆண்டுத் திட்டம் தயாரித்தார். நாலு காலாண்டு, ஒவ்வொன்றுக்கும் இலக்கு, பொறுப்பாளர், குறிப்பு. திட்டம் ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியது. நிதியாண்டு அன்றைக்குத்தானே தொடங்குகிறது! முதல் காலாண்டுக்கான பயிர்: காலிஃபிளவர்.

காலிஃபிளவர் குளிரில் பூக் கட்டுகிற ஜாதி. அதற்கு நிதியாண்டு தெரியாது. மே 4-ஆம் தேதி கத்திரி வெயில் தொடங்கியதும் பாதி நாற்று அப்பளம் ஆயிற்று. மீதி, இலை இலையாக வளர்ந்ததே தவிர பூவைக் காணோம். தலைவர் குறிப்பு என்ற கட்டத்தில் ‘முன்னேற்றம் திருப்திகரம்’ என்று எழுதினார். முப்பது வருஷப் பழக்கம்.

அப்போதுதான் மோட்டார் போட மாடிக்கு வந்தார் எங்கள் வாட்ச்மேன். அறுபதைத் தாண்டியவர், வேலூர் ஜில்லாக்காரர். எல்லோருக்கும் அவர் ‘பெரியவர்’. ஒரு பையைத் தொட்டுப் பார்த்தார். விரலை மண்ணில் விட்டு எடுத்தார்.

‘‘இன்னா சார், காலிபிளவரை இப்ப வெச்சிருக்கீங்க? இது பனிக்காலத்துப் பயிராச்சே! சித்திரையில வெச்சா பொசுங்கிப்பூடும்.’’

‘‘அப்ப எப்ப வைக்கணும் பெரியவரே?’’

‘‘எதை எப்ப வெக்கணுமோ அதை அப்ப வெக்கணும் சார்.’’

தலைவர் கோபப்படுவார் என்று நினைத்தோம். மாறாக, மடியிலிருந்த நோட்டைத் திறந்து ஒரு புதுப் பக்கம் எடுத்து, ‘‘சொல்லுங்கோ’’ என்றார். திட்டப் பிரிவில் அவர் ஏன் பெரிய அதிகாரியாக இருந்தார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பெரியவர் சொல்லச் சொல்ல எழுதியது இன்றைக்கும் எங்கள் லிஃப்டில் ஒட்டியிருக்கிறது. மாடியும் நாலு பையும் இருக்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். இலவசம்.

ஆடி: ஜூலை 17 வாக்கில் பிறக்கிறது. கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை, புடல், பீர்க்கன், சுரை எல்லாவற்றுக்கும் இதுதான் பட்டம். காரணம் எளிது. வெயில் தணிந்து சாயங்கால மழை எட்டிப் பார்க்கும் சமயம். இப்போது விதைத்தால் அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதற்குள் செடி வேர் பிடித்து நிமிர்ந்துவிடும். சென்னைக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான். அதற்குள் காலூன்றாத செடிக்கு அது மழையல்ல, மரண தண்டனை.

ஆவணி, புரட்டாசி: பந்தல் கட்ட வேண்டும். சுரைக்கொடி பூக்கும். சுரைப்பூ சாயங்காலம் மலர்கிற பூ. ஆண் பூ தனி, பெண் பூ தனி. நாலாவது மாடிக்கு வண்டு வராவிட்டால், நாமே ஒரு தூரிகையால் ஆண் பூவின் மகரந்தத்தை எடுத்துப் பெண் பூவில் தடவ வேண்டும். இந்த இலாகாவை ஏ பிளாக் பிரம்மச்சாரிகள் இருவரிடம் ஒப்படைத்தோம். ஆபீஸ் விட்டு வந்ததும் கையில் தூரிகையோடு மாடிக்குப் போவார்கள். ‘‘எங்களுக்குப் பொண்ணு பாக்க ஆளில்லை. நாங்க சுரைக்காய்க்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறோம்’’ என்று ஒருவன் புலம்பினான். பதினெட்டுக் காய் காய்த்தது. ஜாதகம் பார்க்காத கல்யாணம்.

புரட்டாசி கடைசி: மழைக்கு முன் வேலை. பைகளின் அடித் துளைகளைக் குத்திவிட வேண்டும். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழாய் இருக்கும், வாயில் சருகு அடைத்திருக்கும். காலிஃபிளவர் நாற்று விட வேண்டியது இப்போதுதான். (தலைவர் இந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.)

ஐப்பசி, கார்த்திகை: புதிதாகக் கீரை விதைக்காதே. அழுகிவிடும். காற்றுக்குப் பந்தலை இறுக்கிக் கட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முக்கியபோது, மூழ்காத தோட்டம் எங்களுடையதுதான். பின்னே, நாலாவது மாடிக்கு மேலே இருக்கிறதே!

மார்கழி: முள்ளங்கி, பீட்ரூட். மழை விட்டுப் பனி விழும் நாள். மாவுப்பூச்சியும் அப்புறம் வரும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளி.

தை, மாசி: அடுத்த பட்டம். வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, தக்காளி.

பங்குனி முதல் வைகாசி வரை: நிழல் வலை கட்டு. மண்ணின் மேல் சருகு போட்டு மூடு. வலைக்கு அடியில் கீரை மட்டும். ஆசைப்படாதே.

‘ஆசைப்படாதே’ என்பது பெரியவர் சொன்ன வார்த்தை. தலைவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

இத்தனை ஆலோசனைக்கு ஏதாவது பதவி தர வேண்டாமா? ‘கௌரவ ஆலோசகர்’ என்று தலைவர் அறிவித்தார். ‘‘கௌரவம்னா துட்டு கெடையாதுங்களா சார்?’’ என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. மாதம் 500 ரூபாய் என்று முடிவாயிற்று. கணக்கில் அதைத் ‘தொழில்நுட்ப ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதுகிறேன். எங்கள் செலவுகளிலேயே பிரயோஜனமான செலவு அது ஒன்றுதான்.

இனி வருவது 2025 கதை.

அந்த ஆனி மாசத்தில் பெரியவர் ஊருக்குப் போய்விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே கத்தரி விதை. வேலூர் பக்கம் இலவம்பாடி முள் கத்தரிக்காய் என்றால் தெரியும். காம்பில் முள் இருக்கும், காய் வெண்ணெய். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த காய். வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்துத் திரும்பப் போட்டால் அடுத்த தலைமுறை தாய்ச் செடி மாதிரி வராது. இது நாட்டு ரகம். விதை எடுத்து வைத்து வருஷா வருஷம் போடலாம். ‘‘என் தம்பி வூட்ல எடுத்து வெச்சிருந்தான் சார். ஆடி பொறந்ததும் போட்டுடலாம்’’ என்றார்.

அதே வாரம் வந்தது வினை. நாலாவது மாடி ஆசாமி ஒருவரின் படுக்கையறைக் கூரையில் ஈரம். இந்திய வரைபடம் மாதிரி ஆரம்பித்து, ஆசியக் கண்டமாக விரிந்துகொண்டிருந்தது. ‘தோட்டத்தை எடு’ என்று எழுத்து மூலம் புகார் கொடுத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஈர மண்ணோடு ஒரு பை 20 கிலோ வரை கனக்கும். அப்படி நூறு பையை ஒருவர் தலைக்கு மேல் வைத்தால் அவருக்குத் தூக்கம் எப்படி வரும்?

குடியிருப்பு சங்கச் செயலாளர் நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் உடனே ‘எடு’ என்றிருப்பார். நல்லவர் என்பதால், ‘‘அக்டோபர்ல பொதுக்குழு இருக்கு. அதுல வெச்சுப் பேசி முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் புதுசா எதுவும் நடாதீங்க’’ என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ரெண்டரை மாசம்தானே?

அன்று ராத்திரி பத்து மணிக்கு கேட் அருகே பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘‘பொதுக்குழுவை ஆடியில வெக்க முடியாதுங்களா சார்?’’ என்றார்.

‘‘ரூல்ஸ்படி அக்டோபர் பெரியவரே.’’

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 2016-ல் அவருக்கு ஊரில் ஒன்றரை ஏக்கர் இருந்தது. கத்தரி போடுவதற்காக ஆனி மாசமே ஒரு வங்கியில் பயிர்க்கடன் கேட்டார். எல்லாக் காகிதமும் சரியாகத்தான் இருந்தது. ஒரு கையெழுத்துதான் பாக்கி. ‘அடுத்த வாரம் வாங்க’ என்றார்கள். போனார். கையெழுத்து போடுகிறவர் பயிற்சிக்குப் போயிருந்தார். ‘அடுத்த வாரம் வாங்க.’ போனார். யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் திட்டவில்லை, ஒருவர் டீ கூட வாங்கிக் கொடுத்தாராம். பணம் கைக்கு வந்தபோது புரட்டாசி.

‘‘ஆடியில போட்டவன்லாம் ஐப்பசியில காய் பறிச்சான் சார். என்துல அப்பதான் நாத்து. அந்த வருசம் மழை வரலை. கார்த்திகையில கெணறு காஞ்சிப் போச்சு. அவங்க செடியும்தான் காஞ்சிது. ஆனா அவங்க நாலு பறிப்பு பறிச்சு முடிச்சிருந்தாங்க.’’

அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நாம் அதைச் செய்தியாகப் படித்தோம். கடன் நின்றது, செடி நிற்கவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவர் மெட்ராஸுக்கு ரயிலேறினார்.

‘‘2019-ல உங்க ஊருக்குத் தண்ணி இல்லாம ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சே சார், எங்க ஜில்லா அது. எனக்கு முன்னாடி நான் வந்தேன், எனக்குப் பின்னாடி தண்ணி வந்துச்சு’’ என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யோசித்துப் பார்த்தால், அந்த வங்கியில் இருந்தவர்கள் யார்? நம்மைப் போன்றவர்கள். இரண்டாம் வகைப் பட்டம் வாங்கியவர்கள். நமக்குக் கெடு என்றால் நீளும். 2025-ல் வருமான வரிக் கணக்கு ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டியது, செப்டம்பர் 15 ஆயிற்று. கடைசியில் இன்னும் ஒரு நாள் கூட்டி 16 ஆயிற்று. நாமும் சந்தோஷமாக 16-ஆம் தேதி ராத்திரி தாக்கல் செய்தோம். ஆடி மாசத்துக்கு அப்படி எக்ஸ்டென்ஷன் கொடுக்கிற அதிகாரம் எந்த அமைச்சகத்துக்கும் இல்லை. ‘அடுத்த வாரம் வாங்க’ என்று நாம் சொன்னால், சொல்கிறவருக்கு அது ஒரு வாரம். கேட்கிறவருக்கு, சில சமயம், அது ஒரு வருஷம்.

மறுநாள் காலை இதை மாமியிடம் சொன்னேன். அவர் பதில் பேசாமல் அரைக்கீரையைக் கட்டுக் கட்டாகக் கட்டினார். 48 வீட்டுக் கதவையும் தட்டினார். ஒரு கையில் கீரை, மறு கையில் ‘அவசரப் பொதுக்குழு கூட்ட வேண்டும்’ என்ற மனு. கீரையை வாங்கிக்கொண்டு கையெழுத்து போடாமல் இருக்க யாருக்குத் தைரியம் வரும்? மூன்று நாளில் 41 கையெழுத்து. விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டியதில், மூன்றில் ஒரு பங்கு பேர் கேட்டாலே அவசரக் கூட்டம் போடலாம் என்று இருந்தது. அதை யாரும் அதுவரை படிக்கவில்லை, செயலாளர் உட்பட.

இதற்கிடையே கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினோம். பக்கத்து வேப்பமரத்துச் சருகு மழைநீர்க் குழாயை அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்தது. தட்டோடுகளின் இணைப்பில் விரிசல். பைகளைத் தரையில் நேராக வைத்திருந்ததால் விரிசல் யார் கண்ணிலும் படவில்லை. ஆக, தப்பு பாதி குழாயுடையது, பாதி தோட்டத்தினுடையது. விரிசலைப் பூசி, பைகளை ஒரு அடி உயர இரும்பு ஸ்டாண்டுகளில், கீழே உத்தரம் ஓடும் வரிசையில் மட்டும் வைக்கலாம் என்றார். நாலாவது மாடிக்காரர் ஸ்டாண்டுக்கு அடியில் குனிந்து, தவழ்ந்து, தரை தெரிகிறதா என்று பார்த்துத் திருப்தி அடைந்த பிறகே சம்மதித்தார். அதுவும் சரிதான். கூரை அவருடையது.

அவசரக் கூட்டம் ஆகஸ்ட் 3, ஞாயிறு. அன்றைக்கு ஆடிப்பெருக்கு. மாமி கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தின் வாசனையில் விவாதம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. பதினோரு மணிக்குப் பெரியவர் பொட்டலத்தைப் பிரித்து முள் கத்தரி விதையைத் தூவினார்.

ஐப்பசிக் கடைசியில் முதல் பறிப்பு. நாலு கிலோ. பெரியவர் ஒரு காயை எடுத்து, காம்பு முள் குத்தாமல் லாகவமாகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாமி எண்ணெய்க் கத்தரிக்காய் பண்ணி முதல் கிண்ணத்தை வாட்ச்மேன் ரூமுக்கு அனுப்பினார், இரண்டாவதை நாலாவது மாடிக்கு. அடக்க விலை போடட்டுமா என்று கேட்டேன். ‘போட்டால் சந்தா தரமாட்டோம்’ என்று 16 பேரும் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வருஷத் திட்டத்தைத் தலைவர் புதிதாக டைப் அடித்து லிஃப்டில் ஒட்டுவதற்கு முன்னால், வழக்கம்போல் பெரியவரிடம் வாசித்துக் காட்டினார். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று எல்லாம் சரியாக இருக்கிறதென்று தலையாட்டிய பெரியவர், மேலே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

இப்போது திட்டத்தின் முதல் வரி அதுதான்: ‘ஆனி 15-க்குள் எல்லாக் கையெழுத்தும் வாங்கிவிடவும்.’